நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கு அக்குபங்சர் உண்மையில் பயன் தருகின்றதா என்பதை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: பரந்தன் ரீச்சர்

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை; வயது நாற்பத்தொன்று. இரண்டு வருடங்களுக்கு மேலாக, இடது காதுக்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் இடத்தில் எனக்கு வலி இருந்து வருகின்றது. வாயைத் திறக்கும்போது 'டக்' என்றொரு சத்தம் கேட்கும். முன்வரிசைப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்ததும் உண்டு. காலையில் எழும்போது கன்னத்துத் தசை கல்லுப் போல இறுகிப்போயிருக்கும். கொட்டாவி வந்தால் கையால் நாடியைத் தாங்கிக்கொண்டுதான் விடுகிறேன். புழுக்கொடியல் சாப்பிடுவதை அடியோடு விட்டாயிற்று. சென்ற மாசியில் அயல்வீட்டு அம்மா ஆசையாகத் தந்த பினாட்டில் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுவிட்டு, அன்றிரவு முழுவதும் கன்னத்தைப் பிடித்தபடி இருந்தேன்.

பல் வைத்தியரிடம் போனேன். பற்களில் குறையில்லை என்றும், இரவில் என்னையறியாமலே பல்லை நெருமுகிறேன் போலிருக்கிறது என்றும் சொல்லி, இரவில் பற்களின் மேல் அணிவதற்கு ஒரு கடிதட்டுச் செய்து தந்தார். அது கொஞ்சம் உதவியது, முழுமையாக உதவவில்லை. விடைத்தாள் திருத்தும் காலத்தில் பனடோல் இல்லாமல் முடியாது. அம்மா நாள்தோறும் நொச்சி இலை ஒத்தடம் பிடித்து விடுகிறார்.

இப்போது என் தோழி ஒருவர், கிழமையில் ஒரு நாள் எங்கள் பக்கம் வந்து அக்குபங்சர், அதாவது உடலின் குறித்த புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் வைத்தியம், செய்யும் ஒருவரிடம் போகும்படி வற்புறுத்துகிறார். தோழியின் தோள்மூட்டு வலி அங்கேதான் மாறியதாம். பத்துத் தடவை போக வேண்டும்; ஒரு தடவைக்கு 1,500 ரூபா. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் மனதைக் குடைவது வேறொன்று. ஒரு செடியை வெயிலிலும் அதே போன்ற இன்னொன்றை இருட்டு அலுமாரியிலும் வைத்து, ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் நான். மாத்திரையைச் சோதிப்பதென்றால் அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ஊசியை எப்படிச் சோதிப்பது? குத்தப்பட்டவருக்குக் குத்தியது தெரியாமலா போகும்? இந்த வலிக்கு அக்குபங்சரை முறையாகச் சோதித்திருக்கிறார்களா? நான் போவதென்றால், எனக்கு அது பயன்படுகின்றதா என்பதை என்னை நானே ஏமாற்றிக்கொள்ளாமல் அறிய வழி உண்டா?

பதில்: பல்லும் சொல்லும்

வணக்கம் ரீச்சர். நான் வன்னியில் பல வருடங்கள் கடமையாற்றிய பல் வைத்தியன். ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன், குத்தப்போகும் இடத்தில் இருப்பது என்ன வலி என்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

'தாடை மூட்டு வலி' என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது உண்மையில் ஒரு குடும்பம். ஒருவருக்கு வலி மெல்லும் தசைகளில் இருக்கும். இன்னொருவருக்கு மூட்டுக்குள்ளேயே இருக்கும். வேறொருவருக்கு மூட்டின் நடுவிலுள்ள குருத்தெலும்புத் தட்டு முன்னோக்கி நழுவி, வாயைத் திறக்கும்போது மீண்டும் இடத்துக்கு வரும். உங்கள் 'டக்' சத்தம் பெரும்பாலும் அந்தத் தட்டின் வேலைதான். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லாவிட்டால் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. இந்த வகைகளைப் பிரித்தறிவதற்கு 1992 இல் ஆய்வுகளுக்கென ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. அதைத் திருத்தி, சிகிச்சைக்கும் பயன்படும் வகையில் 2014 இல் புதிதாக வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த அம்சம் என்னவென்றால், வைத்தியர் தசையையோ மூட்டையோ விரலால் அழுத்தும்போது வலித்தால் மட்டும் போதாது. 'ஓம், நான் சொல்லும் வலி இதுதான்' என்று நோயாளி அடையாளம் காட்ட வேண்டும். காலையில் கன்னத் தசை இறுகியிருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தசையின் பங்கு பெரிதாக இருக்கும் போலத் தெரிகின்றது. ஆனால் எழுத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிப்பது தவறு. விரலால் அழுத்திப் பார்த்தவர் சொல்லட்டும்.

எங்கள் பிரதேசத்தில் இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட முடியாது. இது உங்களுக்காக அல்ல, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக. வெற்றிலை போடுபவர் ஒருவருக்கு வாய் திறப்பது மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தால், அது மூட்டு வலி என்று ஊசிக்கோ எண்ணெய்க்கோ போகக்கூடாது. பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நார்த்தன்மையடைந்து இறுகுவதும் வாயை அப்படித்தான் பூட்டும். அது புற்றுநோய்க்கு முன்னோடி. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதை மறக்க வேண்டாம். மாறாத புண், முகத்தில் மரத்துப்போன இடம், காதுக்கு முன்னால் வீக்கம், காரணமில்லாத மெலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் வைத்தியசாலை. மற்றது, இங்கே பலருடைய உடலில் போர்க்கால எறிகணைகளின் (செல்) உலோகத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. வலிய காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்பவர் எவராயினும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களாக அதைச் சொல்ல வேண்டும். ஊசியில் மின்சாரம் கொடுக்கும் அக்குபங்சர் முறையும் இருப்பதால் அங்கேயும் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த தாடை வலிக்கான சிகிச்சைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை 2023 டிசெம்பரில் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. வலியை மனம் கையாளும் விதத்தைப் பயிற்றுவிக்கும் சிகிச்சை, மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சியும் இழுப்பும், கழுத்தையும் தோளையும் நேர்ப்படுத்தும் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துதல், வீட்டுப் பயிற்சியுடன் கூடிய விளக்கமும் ஆறுதலும் ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைத்தது. அக்குபங்சரை அடுத்த படியில், 'சிலருக்கு ஏற்கலாம்' என்ற தளர்ந்த பரிந்துரையாக வைத்தது. எனக்குச் சங்கடம் தந்தது வேறு: கழற்றி மாட்டும் கடிதட்டு, அதாவது நாங்கள் பல வருடங்களாகக் கை நிறையச் செய்து கொடுத்தது, தளர்ந்த முறையில் 'வேண்டாம்' என்ற பட்டியலில் இருந்தது. எனக்குத் தெரிந்த பலருக்கு அது ஆறுதல் தந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் 'எனக்குத் தெரிந்த பலர்' என்பது சான்று அல்ல என்பதைத்தானே நீங்களும் கேட்கிறீர்கள்.

ஊசிக்குப் போவதா என்று தீர்மானிக்கும்வரை செய்யக்கூடியது: உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் சேர வேண்டாம். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேற்பற்களும் கீழ்ப்பற்களும் தொடுவதற்கு எந்த வேலையும் இல்லை. நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி வாயைத் திறந்து மூடுவதை ஆறு தடவை, நாளுக்கு ஆறு முறை செய்யுங்கள். விடைத்தாள் கட்டின் மேல் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி, அதைக் காணும்போதெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறேனா என்று பாருங்கள்.

பதில்: கணக்கன்

ரீச்சர், நான் மருத்துவன் அல்லன், புள்ளிவிபரவியல் கற்பிப்பவன். மருத்துவ ஆய்வுக் குழுக்கள் சிலவற்றுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். நீண்டுவிட்டால் மன்னிக்கவும்.

இரணைமடுக் குளத்தின் நீர் மிகவும் இறங்கிப்போன புரட்டாதியில் மழை வேண்டிப் பொங்கல் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் குளத்துக்கு நீர் வரத்தான் போகின்றது. பொங்கலை நான் குறை சொல்லவில்லை. பொங்கல் வைக்காத குளத்துக்கும் நீர் வந்ததா என்று பார்க்காமல் பொங்கலால்தான் வந்தது என்று எழுத முடியாது என்கிறேன். தாடை வலியும் குளத்து நீர் போல ஏறி இறங்குவது. ஆள் சிகிச்சைக்குப் போவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் என்ன செய்தாலும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையே கடிதட்டும், ஊசியும், ஒத்தடமும் ஆளுக்கு ஆள் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கின்றன.

ஆகையால் முதல் ஒப்பீடு, ஊசி போட்டவர்களுக்கும் எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கும் இடையிலானது. சுவீடனில் 1991 இல் வெளியான ஆய்வு ஒன்றில், நெடுநாள் முகத் தசை வலியுள்ள 45 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அக்குபங்சரும் இன்னொரு பகுதிக்குக் கடிதட்டும் கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்கச் செய்தார்கள். சிகிச்சை பெற்ற இரு பகுதியினரும் காத்திருந்தவர்களை விட நன்றாக இருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் காத்திருப்பவருக்குத் தாம் காத்திருப்பது தெரியும். ஊசி போட்டவருக்கோ ஒருவர் அருகில் இருந்து, கையைத் தொட்டு, அரை மணித்தியாலம் அமைதியாகப் படுக்க வைத்து, 'இப்போது எப்படி?' என்று கேட்டிருக்கிறார். வன்னியில் ஒரு ஆசிரியைக்கு அரை மணித்தியாலம் அமைதியாகப் படுக்கக் கிடைப்பதே ஒரு சிகிச்சை என்று என் மனைவி சொல்கிறார்; அவரும் ஆசிரியைதான்.

குத்தியது தெரியாமல் போகுமா என்று கேட்டீர்கள். அதற்கு விடை, குத்துவதாகத் தெரியும்படி குத்தாமல் விடுவது. ஜேர்மனியில் ஸ்ட்றைட்பேர்கர் என்பவர் 1998 இல் 'லான்செற்' சஞ்சிகையில் பொய் ஊசி ஒன்றை வெளியிட்டார். நாடகத்தில் குத்தும்போது கைபிடிக்குள் போய்விடும் கத்தியைப் பார்த்திருப்பீர்கள், அதே தந்திரம். முனை மழுங்கிய ஊசி தோலைத் தொட்டதும் தன் பிடிக்குள் நழுவும். தோலில் சிறு வளையம் ஒன்றை வைத்துப் பிளாஸ்ரர் ஒட்டி அதை நிற்க வைப்பார்கள். தோலில் சுருக்கென்று ஒரு குத்து உணரப்படும். பார்த்தால் ஊசி உள்ளே போய் நிற்பது போலவே இருக்கும். உண்மை ஊசிக்கும் அதே வளையம், அதே பிளாஸ்ரர்.

தாடை வலியில் பொய் ஊசியுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 2002 இல் வெளியான ஒன்றில், மெல்லும் தசை வலியுள்ள இருபதுக்கும் குறைவானோரே பங்குபற்றினர். உண்மை அக்குபங்சர், பொய் அக்குபங்சர் இரண்டுமே வலியைக் குறைத்தன, இடையில் வித்தியாசம் காணப்படவில்லை. இங்கிலாந்தில் 2007 இல் 27 பேருடன் செய்த ஒன்றில் உண்மை ஊசி முந்தியது. ஒன்று இப்படி, ஒன்று அப்படி, ஏன்? ஆய்வுகள் சிறியவை என்பது ஒரு காரணம். கணக்கைப் பாருங்கள். வலியை 0 முதல் 10 வரை அளக்கிறோம். ஆளுக்கு ஆள் 2 புள்ளி அளவில் பரவல் இருக்கிறது. இரு குழுக்களுக்கும் இடையில் 1 புள்ளி வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால், அதை ஐந்து தடவையில் நான்கு தடவையாவது கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 64 பேர் தேவை. ஐந்தில் ஒருவர் இடையில் நின்றுவிடுவார் என்று வைத்தால் 80 பேர். இரண்டு குழுவுக்கும் 160 பேர். இருபது முப்பது பேரை வைத்துக்கொண்டு 1 புள்ளியைத் தேடுவது மாட்டு வண்டிக்குரிய தராசில் தங்கம் நிறுப்பது போன்றது.

பெரிய ஆய்வு என்ன காட்டும் என்பதற்கு முதுகு வலியைப் பார்க்கலாம். ஜேர்மனியில் 2007 இல் வெளியான ஆய்வில் 1,162 பேர். ஆறு மாதத்தின் பின் போதிய முன்னேற்றம் கண்டவர்கள்: உண்மை அக்குபங்சரில் 47.6 வீதம், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய பொய் அக்குபங்சரில் 44.2 வீதம், மருந்தும் பயிற்சியுமான வழமைச் சிகிச்சையில் 27.4 வீதம். இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு இரு சாராரும் வெற்றி முழக்கம் இட்டார்கள். ஒரு சாரார், வழமைச் சிகிச்சையை ஊசி வென்றது என்றார்கள். மறு சாரார், எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் புள்ளிகளின் சாத்திரம் எங்கே போயிற்று என்றார்கள். இரண்டும் சரி, கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. நாட்பட்ட வலிகள் பற்றிய பல ஆய்வுகளில் பங்குபற்றிய 17,922 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2012 இல் ஆராய்ந்தபோதும் அதே உருவம்தான் தெரிந்தது: ஊசி போடாதவர்களுடனான இடைவெளி பெரியது, பொய் ஊசியுடனான இடைவெளி சிறியது, ஆனால் பூச்சியமல்ல.

வன்னியில் ஒருவர் இந்த ஆய்வைச் செய்ய முன்வந்தால் நான் கேட்பவை இவை. நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இலங்கை மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டில் எதை, எப்போது அளக்கப்போகிறோம் என்பதை எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. குத்துபவருக்கு எது உண்மை ஊசி என்று தெரிந்தே தீரும்; ஆகவே அளப்பவர் வேறொருவராக, ஒன்றும் அறியாதவராக இருக்க வேண்டும். முடிவில் ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்குப் போட்டது எது என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டால் மறைப்பு மறைப்பே அல்ல. காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் கிழமைக்கு இரண்டு தடவை வரச் சொன்னால் ஒட்டுசுட்டானிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ எவரும் பஸ் ஏற மாட்டார்கள். வராமல் நின்றவர்கள் சுகமானதால் நின்றார்களா, சுகமாகாததால் நின்றார்களா என்பது தெரியாமல் போகும். ஆய்வுகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் இடம் இதுதான்.

உங்கள் சொந்தச் சோதனைக்கு வருகிறேன். தனி ஒருவரில், பொய் ஊசி இல்லாமல், ஊசிதான் காரணம் என்று நிறுவ முடியாது. ஊசியின் விளைவு நாட்கணக்கில் நீடிக்கலாம் என்பதால் ஒரு கிழமை போட்டு ஒரு கிழமை நிறுத்திப் பார்க்கும் வழியும் சுலபமல்ல. ஆனால் வலி குறைந்ததா, கொடுத்த பணத்துக்கும் நேரத்துக்கும் பெறுமதியாகக் குறைந்ததா என்பதை அறியலாம். முதல் ஊசிக்கு முன் இரண்டு கிழமையாவது நாள்தோறும் இரவில் அன்றைய வலியை 0 முதல் 10 வரை எழுதுங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையிலான தூரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 2 புள்ளி, அல்லது மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைந்தால்தான் வலி ஆய்வாளர்கள் அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பார்கள். அந்த அளவை இப்போதே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவிடுங்கள், பிறகு மனம் மாறி எல்லைக்கோட்டை நகர்த்தாமல் இருக்க. பத்துத் தடவைக்கும் ஒரேயடியாகப் பணம் கட்ட வேண்டாம்.

பதில்: முத்தையன்கட்டான்

தங்கச்சி, எனக்கு வயது அறுபது. எனக்கும் இந்த வலி நான்கு வருடம் இருந்தது. இப்போது இல்லையென்றே சொல்லலாம். என் கதையைக் கேட்டால் கணக்கன் தம்பி தலையில் கை வைப்பார்.

முதலில் ஒருவரிடம் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். எனக்கு முன்னால் படுத்திருந்தவரின் முகத்திலிருந்து எடுத்த ஊசிகளை ஒரு தட்டில் இருந்த ஸ்பிரிட்டில் போட்டார்; என் முறை வந்ததும் அதே தட்டுக்குள் கையை விட்டார். நான் செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். ஸ்பிரிட்டில் நனைத்தால் ஈரல் அழற்சிக் கிருமி சாகும் என்று நம்புகிறவரிடம் முகத்தைக் கொடுக்க முடியுமா? ஊசி ஒவ்வொன்றும் மூடிய உறையில் இருக்க வேண்டும், உங்கள் கண் முன்னால் உறையைக் கிழிக்க வேண்டும், குத்திய பின் அதற்குரிய பெட்டிக்குள் போட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்னதாகச் சொல்ல வேண்டும்.

பிறகு முறையாகப் படித்த வைத்தியர் ஒருவரிடம் எட்டுத் தடவை போட்டேன். காதுக்கு முன்னால் குத்தும்போது வலியில்லை; பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குத்தியபோதுதான் கை முழுவதும் கனத்தது. மூன்றாம் தடவையிலிருந்து நல்ல சுகம். ஆனால் அதே மாதத்தில்தான் பல் வைத்தியர் அதட்டியதால் வெற்றிலையை விட்டேன். அதே மாதத்தில்தான் வைத்தியசாலையில் இயன்மருத்துவர் கழுத்துப் பயிற்சியும் காட்டித் தந்தார். அதே மாதத்தில்தான் மகளின் கலியாணம் முடிந்து கடன் யோசனையும் பாதியாகக் குறைந்தது. எதற்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன்.

பதில்: குத்தூசி

வணக்கம். நான் அக்குபங்சர் செய்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீச்சர் குறிப்பிடுபவர் நான் அல்லன். மேலே எழுதப்பட்டதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஊசியை மறுபடி பாவிப்பவரை எங்கள் துறையில் வைத்திருக்கக்கூடாது என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆயினும் இரண்டு மறுப்புகள். ஆய்வுகளில் எல்லோருக்கும் அதே புள்ளிகளைக் குத்துகிறார்கள்: கன்ன எலும்புக்குக் கீழே சியாகுவான், மெல்லும் தசையில் ஜியாச்சே, கையில் ஹேகு. நாங்கள் அப்படிச் செய்வதில்லை. தூக்கமில்லாதவருக்கு ஒன்று, கழுத்து இறுகியவருக்கு ஒன்று என ஆளைப் பார்த்துத் தெரிவு செய்கிறோம். ஒரே அளவில் சட்டை தைத்து எல்லோருக்கும் போட்டுவிட்டு, தையற்காரனுக்குத் தைக்கத் தெரியாது என்பது நியாயமா? இரண்டாவது, பொய் ஊசி பொய்யே அல்ல. ஹேகுவில் மழுங்கிய முனையால் அழுத்துவதும் ஒரு தூண்டலே. விரலால் அழுத்தும் சிகிச்சைக்கே அந்தப் புள்ளி பெயர் பெற்றது. அப்படியானால் நீங்கள் மருந்தை மருந்தில்லாததுடன் அல்ல, முழு மருந்தை அரை மருந்துடன் ஒப்பிடுகிறீர்கள்.

இது இலங்கைக்குப் புதிய வைத்தியமும் அல்ல. டொக்டர் அன்ரன் ஜயசூரியவின் காலத்திலேயே களுபோவிலையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் அக்குபங்சர் நடந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1997 இல் கூட்டிய நிபுணர் குழு, பல் பிடுங்குதல் போன்ற பற்சிகிச்சைக்குப் பின்னான வலிக்கு இது பயன் தருவதாக ஏற்றுக்கொண்டது.

பதில்: கணக்கன்

ஐயா, சட்டை உவமை அழகானது. ஆனால் அதற்கு வழி உண்டு. நீங்கள் ஆளைப் பார்த்து விரும்பிய புள்ளிகளைத் தெரிவு செய்யுங்கள்; தெரிவு செய்த பின் சீட்டு வைத்து ஒட்டிய கடித உறையைப் பிரித்து, அந்தப் புள்ளிகளில் போட வேண்டியது உண்மை ஊசியா பொய் ஊசியா என்று பார்க்கலாம். அளவெடுத்துத் தைத்த சட்டையையே சோதிக்கிறோம். பொய் ஊசி அரை மருந்து என்ற இரண்டாவது மறுப்பு வலுவானது, அதை ஏற்கிறேன். ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். தோலை மேலோட்டமாக அழுத்துவதே பாதி வேலையைச் செய்கிறதென்றால், ரீச்சரின் அம்மா நொச்சி இலையால் செய்வதும் அந்தப் பாதியில் ஒரு பங்காக இருக்கலாம் அல்லவா? அதற்கு 1,500 ரூபா இல்லை. 1997 இன் முடிவு பற்சிகிச்சைக்குப் பின் சில மணித்தியாலங்கள் இருக்கும் வலியைப் பற்றியது. இரண்டு வருட வலிக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. தசை வலிக்கு அக்குழு 'துணையாகவோ மாற்றாகவோ உதவலாம்' என்று மட்டுமே சொன்னது.

பதில்: பரந்தன் ரீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பொய் ஊசியைப் பற்றி வாசித்தபோது, இத்தனை வருடம் இருட்டு அலுமாரிச் செடியோடு நின்றுவிட்டேனே என்று தோன்றியது. அடுத்த தவணையில் பிள்ளைகளுக்கு நாடகக் கத்தியையும் சொல்வேன்.

நான் தீர்மானித்தது இதுதான். முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றாமல் எழுதுவேன். அடுத்த ஆறு கிழமை பல் வைத்தியர் ஐயா சொன்ன பயிற்சியும், கிடைத்தால் வைத்தியசாலை இயன்மருத்துவரின் மேற்பார்வையும். அதன் பின்னும் வலி 2 புள்ளி இறங்காவிட்டால், மூடிய உறை ஊசிகளைக் கண்ணால் கண்ட பிறகு, ஆறு தடவை மட்டும் அக்குபங்சருக்குப் போவேன். தோழியிடம் இதைச் சொன்னேன். 'உனக்கு வலியே இல்லைப் போலிருக்கிறது, கொப்பிதான் இருக்கிறது' என்றார்.

நான்கு கோடு போட்ட கொப்பி ஒன்றை நேற்றே தொடங்கிவிட்டேன். நேற்று வலி 6, இன்று 5. வாய் திறப்பு இரண்டு நாளும் 34 மில்லிமீற்றர். பல் வைத்தியர் ஐயா, இந்த 34 குறைவானதா? பெரிய ஆளுக்கு மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். எனக்கு இரண்டரைதான் போகின்றது. இன்னுமொன்று: நாள், வலி, திறப்பு, பனடோல் என்று நான்கு பத்தி பிரித்து வைத்ததைப் பார்த்துவிட்டு, நொச்சி ஒத்தடத்துக்கு ஏன் பத்தி இல்லை என்று அம்மா கேட்கிறார். ஐந்தாவது பத்தி ஒன்று போட இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: பல்லும் சொல்லும்

பொதுவாக 40 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும் ரீச்சர். 35 க்குக் கீழே என்றால் கட்டுப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். வலியால் தயங்கி அவ்வளவு திறக்கிறீர்களா, அதற்கு மேல் திறக்கவே முடியாமல் இருக்கிறதா என்பது முக்கியம். வலித்தாலும் பரவாயில்லை என்று ஒரு தடவை இயன்றவரை திறந்து அந்த எண்ணையும் தனியாக எழுதுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால் இரண்டு கிழமை காத்திருக்காமல் வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். கொப்பியையும் கொண்டு போங்கள்.